பேய்ப் படத்துக்குப் பொருத்தமான வீடு

றப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு கிருஷ்ணகுமாரி தோட்டத்து லயத்துக்குத் திரும்பியபோது, பட்டப்பகலில் அவளுடைய வீட்டுக்குள் இரவை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். கூரைத் தகரத்தின் ஓட்டைகளைக் கறுப்புத் துணி மூடியிருந்தது. சன்னலுக்கும் அதே துணி. சாமிப் படங்கள், காலண்டர், தையல் மெஷின், பாய் எல்லாம் பக்கத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் குவிந்துகிடந்தன. அந்தக் குவியலுக்கு நடுவில் கதிரை போட்டு அவள் புருஷன் செல்லையா உட்கார்ந்திருந்தான். கொழும்பில் மூட்டை தூக்கப் போய், முதுகு போனபின் திரும்பி வந்தவன். இரண்டு வருஷமாகச் சும்மா இருக்கிறவனுக்கு இது திருவிழா மாதிரி இருந்தது.

“றக்வான வரைக்கும் போய் லயம் லயமா பாத்தாங்களாம். கடைசில நம்ம வீடுதான் வேணும்னு நின்னுட்டாங்க, தெரியுமா?” என்றான்.

அவளை யாரும் கேட்கவில்லை. முந்தின நாள் தோட்டத்துக் கிளாக்கர் வந்து, பேய்ப் படம் எடுக்கப் போகிறார்கள், நாலு நாளைக்கு வீட்டை ஒழித்துக் கொடு, தொரை சரி சொல்லிவிட்டார் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். லயம் தோட்டத்துடையது. அவள் றப்பர் மரத்தில் பால் வெட்டும்வரை அதில் இருக்கலாம். வேறு இடத்துக்கும் போக முடியாது, இங்கேயும் நிம்மதியாக இருக்க முடியாது என்று ஆகிப் பல காலமாயிற்று. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பெருமழையில் மேட்டுப் பக்கம் மண் இறங்கியது. அதிகாரிகள் வந்து, இங்கே குடியிருப்பது ஆபத்து, உடனே வெளியேறவும் என்று சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்த கடுதாசியைச் சுவரில் ஒட்டினார்கள். லயத்து ஆறு குடும்பங்களும் பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்று வாரம் படுத்துக்கிடந்தன. பள்ளிக்கூடம் திறந்ததும் திரும்பி வந்தன. புது வீடு கட்ட என்று காட்டிய நிலத்தில் இப்போது மானாப்புல் ஆளுயரம் நின்றது.

படக் கூட்டத்தில் தமிழ் பேசுகிறவன் ஒருவன் இருந்தான். ஸப்ரி என்று பெயர். எஹலியகொடைப் பக்கம், உதவி டிரெக்டர். அவனைப் பிடித்துக் கேட்டாள்.

“எங்க வீட்டுல அப்படி என்னங்க இருக்கு?”

அவன் தயங்கினான். “கோவிச்சுக்காதீங்க அக்கா. செட்டு ஒண்டும் போடத் தேவல்ல. உள்ளுக்குப் போனாலே மூச்சு முட்டுதெண்டு டிரெக்டருக்கு நல்லாப் புடிச்சிட்டு.”

போன தீபாவளிக்கு அவள் தன் கையால் வெள்ளையடித்த காம்பரா அது. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வாளியைக் கழுவப் போனாள்.

மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் ஸப்ரி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பேய்ப் படம் என்றால் அவனுக்குப் பைத்தியம். சின்ன வயதிலிருந்து தேடித் தேடிப் பார்த்தவன்.

“மொதல் மொதல் வந்த படங்கள்ல பேச்சே இல்ல அக்கா. செவத்துல ஒரு நெழல் ஏறி வரும். அதுக்கே சனம் அலறும்.”

அப்புறம் பேய் தூரதேசத்துக் கோட்டைக்குள் இருந்ததாம். தேடிப் போகிறவனைத்தான் பிடித்ததாம். நம் பக்கத்துப் படங்களில் அது வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பாட்டுப் பாடியது. அது குமாரிக்கும் தெரியும். வாடகைக்கு டீவியும் டெக்கும் எடுத்துவந்து தோட்டத்துக் கிளப்பில் போட்ட காலத்தில், படம் முடிந்து பிள்ளைகளெல்லாம் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மனுஷனே கத்தியோடு பேயாக வந்தான் என்றான் ஸப்ரி. பிறகு டீவிக்குள் வந்தது, போனுக்குள் வந்தது.

“வர வரக் கிட்ட வந்திட்டு. இப்ப அது வீட்டுக்குள்ளதான் இரிக்கி. உருவத்தக் காட்டுறதே இல்ல. வீடுதான் பேய்.”

“அப்ப அந்தக் குடும்பம் வீட்ட விட்டுப் போயிற வேண்டியதுதானே?”

ஸப்ரி வாய்விட்டுச் சிரித்தான். “நூறு வருஷமா எல்லாருக்கும் இதுதான் அக்கா தலையிடி. போகாம இரிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும். கார் பழுதாப் போச்சு, போன் வேல செய்யல்ல... எல்லாம் பழசு. எங்கட கதைக்கு இன்னும் ஒண்டும் சரிவரல்ல.”

“போறதுக்கு எடமில்லன்னு எழுதுங்க” என்றாள் குமாரி.

அவன் சிரிப்பு நின்றது. கறுப்புத் துணியின் ஓரத்தில் பாதி தெரிந்த, வெளியேறச் சொல்லும் கடுதாசியை ஒருமுறை பார்த்தான். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு டிரெக்டரைத் தேடிப் போனான்.

மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட தாய், கதவிடுக்கில் விரல்களை விட்டு வெளியே வரத் துடிக்கிற காட்சி. நடிகையின் கை பூப் போல இருந்தது, சரிவரவில்லை. றப்பர் பால் காய்ந்து நகக்கண் கறுத்த குமாரியின் கையைப் பார்த்ததும் டிரெக்டர் தலையாட்டினார். “சத்தம் வேணாம், அதப் பொறகு சேக்குற. கை மட்டும் போதும்” என்றான் ஸப்ரி.

அவள் உள்ளே போனாள். இரட்டைக் கதவை இழுத்து வெளியே சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் சமைத்துப் படுத்து எழும்பிய இடம், ஆனால் எந்தப் பக்கம் அடுப்பு என்று புரியவில்லை. துணி வாடையும் பழைய புகை வாடையும் தொண்டையை அடைத்தன. வெளியே யாரோ ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார்கள். விரல்களை இடுக்கில் நுழைத்துக் கதவை ஆட்டினாள்.

முதலில் சொன்னபடிதான் செய்தாள். பிறகு கை தானாக ஆட்டியது. மேட்டிலிருந்து மண் இறங்கிய அன்று கேட்ட சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்பது போலிருந்தது. உள்ளங்கையால் அறைந்தாள், முழங்கையால் இடித்தாள்.

“நாங்க உள்ளுக்குத்தான் இருக்கோம்! இங்க ஆளுங்க இருக்கோம்!”

கட் என்றார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. செல்லையா முதலில், “பாருங்க, எப்படி நடிக்கிறா!” என்று சிரித்தான். பிறகு அவன் முகம் மாறியது. முதுகு வலியை மறந்து எழுந்து ஓடி, “சாவி எங்கடா, சாவி!” என்று கத்தினான். கதவு திறந்ததும் வெளிச்சம் கண்ணில் அடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். “ஹரி ஹொந்தாய்” என்று சிங்களத்தில் பாராட்டினார் டிரெக்டர். அவள் விரல் மொளியில் தோல் உரிந்திருந்தது.

ஏழு மாதம் கழித்துப் படம் வந்தது. ஸப்ரி முதல் நாளே போனில் சொல்லிவிட்டான். “ஒங்கட காரணத்த வெட்டிட்டாங்க அக்கா. போக எடமில்லெண்டா சனம் நம்பாதாம். ஆத்துப் பாலம் ஒடஞ்சதா மாத்திட்டாங்க.” அவள், சரிங்க தம்பி, பரவாயில்ல என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குச் செல்லையாவும் அவளும் பஸ் பிடித்து அவிசாவளைக்குப் போனார்கள். திரையில் அவளுடைய சுவர் வந்தது, அவளுடைய கதவு வந்தது, இடுக்கில் அவளுடைய விரல்கள் வந்தன. அவள் கத்திய சத்தம் அதில் இல்லை. அந்த இடத்தில் வேறொரு பெண்ணின் நீளமான அலறல் இருந்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் முகத்தை மூடிக்கொண்டார்கள். செல்லையா அவள் காதருகே, “உன் கைதான், உன் கைதான்” என்றான். கடைசியில் பாலத்தைச் சரிசெய்தார்கள். அந்தக் குடும்பம் வேனில் ஏறிப் போனது. பின்கண்ணாடியில் லயம் சின்னதாகிச் சின்னதாகி மறைந்தது. தியேட்டரில் எல்லாரும் மூச்சு விட்டார்கள், சிலர் கை தட்டினார்கள்.

தெஹியோவிட்டயில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மேடேறி வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. செல்லையா உள்ளே போய் லைட்டைப் போட்டான். குமாரி அடுப்படியில் கிடந்த அம்மிக்கல்லை மூச்சுப்பிடித்து நகர்த்திவந்து, கதவு சாத்தாதபடி முட்டுக் கொடுத்தாள்.

“என்னடி செய்ற? சாரல் அடிக்குது, சாத்து.”

“இருக்கட்டுங்க.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தான். இருவரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மழை படியைத் தாண்டி உள்ளே வந்து, சிமெந்துத் தரையில் மெதுவாக அவர்கள் கால் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.