அன்னாசி கேக்கும் அன்பு வகுப்பும்

எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு நர்ஸ்கள் மேல் திடீரென்று அன்பு பொங்கிவிட்டது. ஆள் போடுங்கள் என்று கேட்டோம், ஆப் போட்டார்கள். தன்மேல் தானே இரக்கம் கொள்ளும் பயிற்சியாம். செல்போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மூச்சை இழு, மூச்சை விடு என்று தாலாட்டும். ஒண்ணுக்குப் போக நேரமில்லாதவளுக்கு மூச்சுவிடப் பாடம்.

அன்றைக்கு ஆப்பில் கவனத்தோடு சாப்பிடும் பாடம். அதற்காக வார்டுக்கு ஒரு பெட்டி வந்தது. திறந்து பார்த்த இளைய நர்ஸ் பெய்ஷுவான் "ஐயையோ!" என்று பட்டென மூடினாள். உள்ளே அன்னாசி கேக்.

எங்கள் தைவான் பேச்சில் அன்னாசியின் பெயரைச் சொன்னால் 'கூட்டம் வா' என்று கூப்பிடுவதுபோல ஒலிக்கும். கடைக்காரர்கள் வாசலில் வைத்துக் கும்பிடுவார்கள். கடைக்குக் கூட்டம் வரலாம், வார்டுக்கு வரலாமா? வேலை நேரத்தில் அதை நாங்கள் வாயாலும் சொல்ல மாட்டோம்.

"எந்தப் புண்ணியவான்டி வாங்கினது?" என்றேன்.

"யாரோ. நிச்சயமா நர்ஸ் இல்லக்கா."

தலைமை நர்ஸ் வந்தார். அவரை ஆச்சாங் என்றுதான் கூப்பிடுவோம். "படிச்சவங்கதானே நீங்க? வெட்கமா இல்ல?" என்று ஒரு கேக்கை எடுத்து, கண்ணை மூடி, ரசித்து மென்றார். விழுங்கி முடிப்பதற்குள் அவசரப் பிரிவிலிருந்து போன். ஒன்றன்பின் ஒன்றாக ஸ்ட்ரெச்சர்கள் வரத் தொடங்கின.

எனக்கோ வேறு கவலை. இடது மார்பில் ஒரு கட்டி. ஸ்கேனை இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று, இரண்டு தடவையும் வார்டில் ஆளில்லை என்று. இன்று ஐந்தரைக்கு, இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மறுபடி நேரம் கொடுத்திருந்தார்கள்.

"ஆச்சாங், நான் அஞ்சேகாலுக்குக் கிளம்பணும்."

"ஸின்ரூ, அஞ்சு மணிக்கு நேரலை வகுப்பு. மொத்த ஆஸ்பத்திரிக்கும் கட்டாயம். டைரக்டரே பார்க்கறார்."

"அதுல என்ன பாடம்?"

"உன் உடம்பை நீ எப்படிக் கவனிச்சுக்கணும்னு."

சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

ஐந்து மணிக்கு ஒரு காதில் வகுப்பு, மறுகாதில் நோயாளிகள் அடிக்கும் மணி. பயிற்சியாளர் குழைந்தார்: "உங்கள் கஷ்டம் உங்கள் தோழிக்கு வந்திருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்கள்? யாராவது பகிரலாமே!"

செல்போனில் மைக்கை அழுத்தினேன். "எருமைமாடே, இன்னும் இங்க என்னடி பண்றே, போய் ஸ்கேன் எடுடின்னு சொல்வேன்."

"அற்புதம்! அதையே இப்போது உங்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள்."

சொல்லிக்கொண்டேன். எழுந்தேன்.

"எங்க போறே?" ஆச்சாங் கத்தினார்.

"வீட்டுப்பாடம் செய்ய."

"புதுசா வந்த கேஸையெல்லாம் யார் பார்க்கறது?"

"கேக் தின்னவங்க பார்க்கட்டும்."

பெய்ஷுவான் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கி ஓடினேன்.

ஸ்கேன் அறை சாத்தியிருந்தது. கதவில் ஒரு தாள்: 'சுய அன்பு வகுப்பு நடக்கிறது. தொந்தரவு செய்யாதீர்கள்.' மொத்த ஆஸ்பத்திரிக்கும் கட்டாயம் என்றால் ஸ்கேன் எடுப்பவளுக்கும் கட்டாயம்தானே! இது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. உள்ளே அதே குழைந்த குரல், "உங்கள் உடலின் குரலைக் கேளுங்கள்" என்றது. கதவைத் தட்டவில்லை, இடித்தேன்.

ஸ்கேன் எடுக்கும் பெண் தலையை மட்டும் நீட்டினாள். காதில் இன்னும் வகுப்பு. "கொஞ்சம் இருங்கக்கா. பாதியில விட்டா இன்னிக்கு வருகைப் பதிவு போயிடும்."

"தள்ளிப்போட்டா என் உசிரு போயிடும்டி!"

அவள் முகம் மாறியது. என் சீருடையைப் பார்த்தாள், தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"அதை மேசை மேல வை. அது மூச்சு விடட்டும்," என்றேன். "நீ என்னைப் பாரு."