செவ்வாய் முதல் ஞாயிறு வரை, பத்து முதல் நான்கு

இறந்துபோன மனைவியோடு ஓர் ஆண்டு முழுக்க ஊர் சுற்ற எண்பத்தைந்து டாலர் ஆகும். இருவரும் அறுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்தால் எழுபது. நோர்பெர்க் மாவட்ட அருங்காட்சியகத்தில் இருவர் உறுப்பினர் அட்டைக்கு அதுதான் விலை. அந்த அட்டையைக் காட்டினால் நாடெங்கும் ஆயிரத்துச் சொச்சம் அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது என்பதால், மோட்டார்ஹோமில் திரிகிறவர்கள் மின்னசோட்டாவின் இந்த மூலைவரை வந்து, எங்கள் கலப்பைகளையும் வெண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏறெடுத்தும் பாராமல், அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆர்டிஸ் டுவெட் அப்படிப் போகிறவள் இல்லை. எந்த அருங்காட்சியகமானாலும் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே உள்ள விளக்கச் சீட்டை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்தாக வேண்டும் அவளுக்கு. கணவர் வெர்லின் நாற்பது நிமிடத்தில் சுற்றி முடித்துவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருப்பார். அட்டை வாங்கியது ஏப்ரல் கடைசியில். ஜூனில் ஒரு காலை ஆர்டிஸ் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. அட்டையில் பத்து மாதம் மிச்சமிருந்தது.

அவர்கள் ஆறு வருடம் முன்பே வீட்டை விற்றுவிட்டு இருபத்தெட்டு அடி வண்டிக்குள் குடியேறியவர்கள். பகலில் அருங்காட்சியகம், மாலையில் யாராவது ஒரு நண்பர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, கார் கொட்டகையிலிருந்து மின்கம்பி இழுத்துக்கொண்டு இரண்டு நாள் தங்கல். வண்டிக் கதவில் நாட்டின் வரைபடம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஒரு மாநிலத்தில் ஓர் இரவு தூங்கி எழுந்தால் அந்த மாநிலத்தின் வண்ணத் துண்டை அதன் இடத்தில் ஒட்டலாம். கடந்து போனது கணக்கில் வராது, நின்று சாப்பிட்டதும் வராது, தூங்கியிருக்க வேண்டும். இந்த விதியில் ஆர்டிஸ் வெகு கறார். அலாஸ்காவையும் ஹவாயையும் தள்ளிவிட்டால் நாற்பத்தெட்டு; அதில் நாற்பத்தேழு ஒட்டியாகிவிட்டது. பாக்கி வடக்கு டகோட்டா ஒன்றுதான். பக்கத்து மாநிலம்தானே, எப்போது நினைத்தாலும் போகலாம் என்று கடைசிக்கு விட்டுவைத்திருந்தார்கள்.

செப்டம்பரில் வெர்லின் தனியே கிளம்பினார். போக வேறு வீடு இல்லை என்பதுதான் காரணம். நெப்ராஸ்காவில் ஒரு பொத்தான் அருங்காட்சியகத்தில், சீட்டுக் கொடுக்கும் பெண் தலை நிமிராமல் எத்தனை பேர் என்று கேட்டாள். நாற்பத்தொரு வருடப் பழக்கத்தில் வெர்லின் ரெண்டு என்றார். அட்டையிலும் இரண்டு பெயர் இருந்ததால் அவள் நுழைவு அடையாளமாக இரண்டு மஞ்சள் வட்ட ஒட்டிகளைக் கிழித்துக் கொடுத்தாள். ஒன்றைத் தன் சட்டையில் ஒட்டிக்கொண்டு, மற்றதைக் குப்பையில் போட மனம் வராமல் விரல்நுனியில் வைத்துக்கொண்டு நின்றார். அதை ஆர்டிஸ் எடுத்துத் தன் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையில் குத்தினாற்போல ஒட்டிக்கொண்டாள்.

“மேல் பொத்தான் போடல பாரு,” என்றாள். “பொத்தான் மியூசியத்துக்கு வந்திருக்க, மனுஷா.”

அன்று வெர்லின் முதல்முறையாக எல்லாச் சீட்டுகளையும் படித்தார். சிப்பிப் பொத்தான், மரப் பொத்தான், மாட்டுக்கொம்புப் பொத்தான் என்று ஒன்று விடாமல், மூடும் மணி அடிக்கும்வரை. அதன்பிறகு தென் மாநிலங்களில் அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான். எந்த வாசலிலும் ரெண்டு என்றார், எங்கும் ஆர்டிஸ் இருந்தாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அர்கன்சாவில் ஒரு காவலாளி அவளை இரண்டு முறை அதட்டினார், தையல் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்ததற்காக. வருகைப் பதிவேடுகளில் அவள் கையெழுத்து இன்றைக்கும் இருக்கிறது. சில இடங்களில் எழுத்துப் பிழைகளைச் சுட்டிக் குறிப்பும் எழுதியிருக்கிறாள்.

ஆனால் காட்சிப் பொருள்களைவிட வண்டியைப் பற்றித்தான் அவள் அதிகம் விசாரித்தாள். பாத்திரத்தொட்டிக்கு மேலே ஒழுகுவது நின்றதா, தன் பக்கத்து ஜன்னலில் குளவி கூடு கட்டியதா, தன் இருக்கையில் என்ன வைத்திருக்கிறார் என்று. இருக்கையில் ரொட்டியும் செய்தித்தாளும் என்று வெர்லின் சொன்னபோது அவள் முகம் சுருங்கிவிட்டது.

“அப்ப மேப்பு யாரு பாக்குறா?”

“ஃபோன் சொல்லுது.”

“ஃபோனா! நீ தப்பாத் திரும்பினா அது உன்ன திட்டுமா?”

“இல்ல. மறுபடி வழி சொல்லும், பொறுமையா.”

“பொறுமையாவா? அப்ப உனக்கு எப்படித்தான் வழி தெரியுது?” என்று கேட்டுவிட்டு, வெளியே வண்டி நிற்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது அந்த இருக்கை. அவருக்கு வேண்டியிருந்தது அந்த இருக்கையில் அவள். வெர்லின் எல்லா வித்தையும் செய்து பார்த்தார். கைகோத்து வெளியேறினார், அவசரக் கதவால் வெளியேறினார், ஒருமுறை சக்கர நாற்காலி இரவல் வாங்கி அதில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். நினைவுப்பொருள் கடைவரை வருவாள். காபிக்கடை உள்ளே இருந்தால் அங்கும் வருவாள். வாசல் கண்ணாடிக் கதவைத் தாண்டினால் அவர் கையில் மஞ்சள் ஒட்டி மட்டும் இருக்கும். அவற்றை வண்டியின் மேற்கூரை உட்புறத்தில் ஒட்டிவைத்தார். பிப்ரவரிக்குள் தலைக்கு மேலே மஞ்சள் கம்மியாக இருந்த இடமே இல்லை.

மார்ச்சில் வடக்கே திரும்பி, சிவப்பாற்றங்கரையில் இருக்கும் பழைய நண்பர்கள் டுவேன், மார்லிஸ் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடக்கு டகோட்டா, பாலத்துக்கு இரண்டு மைல். டுவேன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அப்ப டீசல் செலவு ஒருத்தருக்கு, சீட்டு ரெண்டு பேருக்கு. பொழைக்கத் தெரிஞ்ச ஆளுய்யா நீ,” என்றார். மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு, வெர்லினோடு அருகிலிருந்த சர்க்கரை பீட்ரூட் அருங்காட்சியகத்துக்குப் போய்த் தன் காசில் சீட்டு வாங்கி நுழைந்தாள்.

“அடியே, ஒழுங்கா சாப்புடுறியா இல்லையா?” என்றாள் ஆர்டிஸைப் பார்த்ததும்.

“செத்தவளப் பாத்துக் கேக்குற கேள்வியாடி அது?”

“நான் ஹாட்டிஷ் சுட்டுக் குடுத்தனுப்புன பாத்திரம் எங்க? ரெண்டு வருஷம் ஆச்சு. அடியில பேரு எழுதி ஒட்டியிருப்பேன்.”

“வண்டியில இருக்கு. நான் போயி எடுத்துத் தர முடிஞ்சா தரமாட்டேனா?”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் காபிக்கடையில் மூன்று மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மார்லிஸ் வீட்டுக்கு வந்ததும் வண்டியில் ஏறி, ஆர்டிஸின் இருக்கையிலிருந்து ரொட்டியையும் செய்தித்தாளையும் எடுத்துக் கீழே வைத்தாள்.

ஏப்ரல் கடைசியில் அட்டை முடிகிறது. புதுப்பிக்க இருவரும் நேரில் கையெழுத்திட வேண்டும். நோர்பெர்க்கில் ரெண்டு என்று சொல்லி நுழைந்தார் வெர்லின். கையெழுத்துப் போட்டுவிட்டு ஆர்டிஸ் வழக்கம்போலச் சீட்டுகளைப் படிக்கக் கிளம்பினாள். போன வருடம் மூடும் நேரமாகிவிட்டதால் பின்கட்டுக் கொட்டகை மட்டும் பாக்கி நின்றிருந்தது. அங்கே ஒரு பழைய குதிரைவண்டி. எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் படித்திராத அதன் சீட்டில் இப்படி இருந்தது: இவ்வண்டி 1911 முதல் மாவட்ட நூலகத்தின் கிளையாக இயங்கியது, இதில் ஏறியவர் நூலகத்துக்குள் நுழைந்தவராகவே கருதப்பட்டார். ஆர்டிஸ் அதை மூன்று முறை படித்தாள். பிறகு வெர்லினைக் கூப்பிட்டு, படி என்று விரலை வைத்துக் காட்டினாள்.

அடுத்த வாரம் நிலவறையில் நிர்வாகக் குழு கூடியது. எலுமிச்சை இனிப்பும் தண்ணீர்க் காபியும் வைத்திருந்தார்கள். டுவெட் வண்டியை அருங்காட்சியகத்தின் நடமாடும் கிளையாக அறிவிக்கலாமா என்பது பொருள். வெர்லின் விற்கத் தெரிந்தவர் இல்லை என்றாலும் அன்று நன்றாகவே விற்றார்: மேற்கூரையில் நூற்றுப் பத்தொன்பது ஒட்டிகள், கதவில் வரைபடம், ஆர்டிஸின் குறிப்பேடுகள், நான்காம் எண் காட்சிப் பொருளாக ஒரு ஹாட்டிஷ் பாத்திரம். ஏழு கைகளும் உயர்ந்தன. தலைவி திருமதி பெட்ரோசினோ சிகாகோவிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

“நேரம் என்ன போடலாம், காலைல எட்டுலேர்ந்து ராத்திரி ஒன்பது?” என்று கேட்டார்.

வெர்லினுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் முறைதான் வாங்கிக்கொள்வார்கள். ஒரு துண்டு இனிப்புக்கே அப்படி.

“ஐயோ, எதுக்குங்க அவ்வளவு. பத்துலேர்ந்து நாலுன்னா தாராளம்,” என்றார்.

“சரி, பத்து முதல் நான்கு,” என்று எழுதிக்கொண்டார் தலைவி. “வாரம் முழுக்கத் திறக்கலாமா?”

“சேச்சே, திங்கக்கிழமையும் எதுக்கு உங்களுக்குச் சிரமம்.”

“திங்கள் விடுமுறை.”

மற்ற ஆறு பேரும் கோப்பையைக் கையில் பிடித்தபடி தலைவி இரண்டாம் முறை கேட்பதற்காகக் காத்திருந்தார்கள். நடுவில் நுழைந்து சொல்வதும் மரியாதை இல்லை என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காப்பீட்டுக்காரர்கள் அந்த நேரத்துக்கே கையெழுத்திட்டார்கள், தகரப் பலகையும் அடித்து வந்துவிட்டது. மாடியில் சீட்டுப் படித்துக்கொண்டிருந்த ஆர்டிஸ் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“சிகாகோக்காரி ஒரு தடவதான் கேப்பான்னு தெரியாது?”

“இன்னொரு தடவ கேப்பாங்கன்னு நெனச்சேன்.”

“அந்த இன்னொரு தடவைக்குள்ள என் ராத்திரி எல்லாம் போச்சே, மனுஷா!”

அன்றிலிருந்து காலை பத்து மணிக்கு வெர்லின் பலகையைத் திருப்பி மாட்டுவார், எத்தனை பேர் என்று தானே கேட்பார், ரெண்டு என்று தானே சொல்வார், விரல்நுனியில் ஒட்டியை நீட்டுவார். ஆர்டிஸ் தன் இருக்கையில் உட்கார்ந்து வரைபடத்தை மடியில் விரிப்பாள். ஃபோனை அவள் இருக்கைக்கு முன்னால் இருக்கும் கையுறைப் பெட்டியில் போட்டுப் பூட்டியாயிற்று. நான்கு மணி ஆகும்போது எங்கே இருந்தாலும் வண்டி ஓரம்கட்டும். நெடுஞ்சாலையில் பாதி வாக்கியத்தில் நான்கு அடித்ததும் உண்டு, மீதி வாக்கியத்தை மறுநாள் பத்து மணிக்கு அவள் அதே இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஞாயிறு நான்கு மணியிலிருந்து செவ்வாய் பத்து மணிவரை வெர்லின் யாருடனும் அதிகம் பேச மாட்டார். நண்பர்கள் வீட்டு முற்றங்களில் வண்டி நிற்கும்போது எல்லோரும் உண்டியலில் தலைக்கு இரண்டு டாலர் போட்டுவிட்டு ஏறி, அவளோடு சீட்டாடிவிட்டு இறங்கினார்கள். டுவேன் மூத்தோர் சலுகை கேட்டு வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. மார்லிஸ் தன் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, எண் போட்ட பொருளை வெளியே கொடுக்க விதி இல்லை என்று ஆர்டிஸே சொல்லிவிட்டாள்.

வடக்கு டகோட்டாவுக்கும் போனார்கள், பகலில். ஆர்டிஸ் மதியம் இருக்கையிலேயே கண்ணயர்ந்தாள். இதுவும் தூக்கம்தானே, ஒட்டிவிடலாமா என்று வெர்லின் கேட்டதற்கு, ராத்திரி என்றால் ராத்திரி என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் வருடக் கூட்டத்தில் திருமதி பெட்ரோசினோ ஒரு புதிய ஏற்பாட்டைச் சொன்னார். பெரிய ஊர்களில் அருங்காட்சியகங்கள் வருடத்தில் ஒருநாள் இரவும் திறந்திருக்கின்றன, பிள்ளைகள் படுக்கை கொண்டுவந்து தூங்குகிறார்கள். கிளைக்கும் அப்படி ஓர் இரவு ஒதுக்கலாமா? அவர் கேட்டு முடிக்கும் முன் வெர்லின் எழுந்து நின்று, “வேணும்,” என்றார். ஒரே தடவையில். நோர்பெர்க்கில் அப்படி ஒரு சொல் முதல் முறையிலேயே வந்ததை யாரும் கேட்டதில்லை. இரண்டு உறுப்பினர்கள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை, வடக்கு டகோட்டாத் துண்டைக் கையுறைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். பாலத்துக்கு இரண்டு மைல் முன்பு ஆர்டிஸ் வரைபடத்தை மடித்து, மார்லிஸ் வீட்டுப் பக்கம் திருப்பு என்றாள். வெர்லின் வேகத்தைக் குறைத்தார், ஆனால் திருப்பவில்லை.

“பாலம் நேரா, ஆர்டிஸ்.”

“எனக்குத் தெரியும். நான்தான மேப்பு பாக்குறேன்.”

“ஒரே ராத்திரிதான் குடுத்திருக்காங்க.”

“அதனாலதான். எல்லாம் ஒட்டி முடிஞ்சிட்டா அப்புறம் நான் எதுக்கு இந்த சீட்ல உக்காரணும்?”

வெர்லின் திருப்ப விளக்கைப் போட்டு, வண்டியைத் திருப்பினார். பிறகு மார்லிஸ் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, கொட்டகையிலிருந்து மின்கம்பியை இழுத்துச் செருகினார். மின்னசோட்டாத் துண்டு கதவில் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. நான்கு மணி அடித்தது, ஆர்டிஸ் இருந்தாள். மறுநாள் பத்து மணிக்கு மார்லிஸ் உண்டியலில் இரண்டு டாலர் போட்டு ஏறியபோது, இருவரும் பல் துலக்கிவிட்டு, ஒழுகும் இடத்தின் கீழே பாத்திரம் வைப்பதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிளை தன் ஆண்டறிக்கையை டிசம்பர் கடைசியில் நோர்பெர்க்குக்கு அனுப்ப வேண்டும். அந்த வருட அறிக்கை வெர்லினின் கையெழுத்தில் எங்கள் அருங்காட்சியகக் கோப்பில் இருக்கிறது. திறந்திருந்தது, ஓர் இரவு உட்பட, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு மணி நேரம். மூடியிருந்தது ஆறாயிரத்து எண்ணூற்று எழுபது. வருகையாளர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. திருப்பித் தராத பாத்திரம் ஒன்று. மாநிலம் ஒன்று பாக்கி. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், மணி மணியாக: கூட்டிப் பார்த்தேன், சரி.