காசிராஜன் வண்டியின் பின் பிரேக்

1986ஆம் வருஷம் ஆவணியில், இராஜபாளையம் கடைவீதியில் காசிராஜன் தன் பிக்கப் வண்டியின் பிரேக்கை மிதித்தபோது, வண்டிக்குப் பின்னால் இருந்த எல்லாமும் சேர்ந்து நின்றது. ஒரு டவுன் பஸ், சைக்கிளில் வந்த பூக்காரர், அவர் கூடையிலிருந்து நழுவிப் பாதி தூரம் இறங்கியிருந்த தாமரை மொட்டு, ஒரு காக்கை. காக்கை அந்தரத்தில் நின்றது. காலை எடுத்ததும் மொட்டு தரையில் விழுந்தது, காக்கை தன் வழியே போனது, பஸ் கண்டக்டர் விட்ட இடத்திலிருந்து வசவைத் தொடர்ந்தார். வேறு சேதம் இல்லை.

அது பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய வண்டி. பேண்டேஜ் துணிப் பொதிகளை ஏற்றினால் அதன் பின் பிரேக் பெயருக்குத்தான் பிடிக்கும். அந்த வருஷ ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நிற்காமல் கூட்டத்தை நோக்கி உருள, தேருக்குக் கட்டை போடும் சக்ரபாணி, தேருக்கு வைத்திருந்த கட்டையைப் பிக்கப்புக்குப் போட்டு நிறுத்தினார். ஆண்டாள் செத்த நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. விஷயம் கேள்விப்பட்ட மனைவி ஆவுடையம்மாள், பிரேக்கைச் சரிபண்ணிவிட்டு வந்தால்தான் சோறு என்று சொல்லிவிட்டாள். மெக்கானிக் சோலைராஜ் தேய்ந்து மெலிந்த பழைய பிரேக் ஷூக்களைக் கழற்றி, லாரியின் அகலமான டிரம்மும் ஷூவும் பெரிய சிலிண்டரும் மாட்டினார். மிச்சம் இருந்தது, குழாயில் புகுந்த காற்றை எடுக்கும் வேலை. மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, அடியில் படுத்திருப்பவர் திருகைத் தளர்த்திக் காற்றை விட்டு மறுபடி இறுக்குவார். அவர் 'விடு' என்று சொல்லும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. சோலைராஜ் 'பிடி' என்றார், திருகை இறுக்கினார், மேலே ஆள் இருப்பதை மறந்து அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் காசிராஜன் மிதித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, இன்னுமா மிதிச்சிக்கிட்டு இருக்க?"

"நீ விடுன்னு சொல்லலியே."

"நீ பொண்டாட்டி சொல்லுதான் கேப்பேன்னு நெனச்சேன். என் சொல்லையுமா? விடுலே!"

விடிய விடிய மிதிபட்ட பிரேக் அப்படித்தான் பிடிக்கும் என்று சோலைராஜ் பிற்பாடு விளக்கினார். மறுத்துப் பேசும் அளவுக்கு யாருக்கும் பிரேக்கைப் பற்றித் தெரியவில்லை. பெடலில் கல்லை வைத்துப் பார்த்தார்கள்; பின்னால் நின்ற கோழி நடந்து போனது. வேறொருவர் மிதித்தார், கோழி மறுபடி நடந்தது. காசிராஜன் கால்தான் வேண்டியிருந்தது. முகூர்த்தம் தப்பிவிடும்போல் இருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை வந்து மிதிக்கச் சொல்லிக் கேட்டார்கள். மற்றபடி ஊர் அதைப் பெரிதுபண்ணவில்லை.

மறுவருஷம் ஆவுடையம்மாளுக்குக் காமாலை முற்றியது. சாயங்காலம் வரைதான் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன மத்தியானம், காசிராஜன் வண்டியைப் பின்னால் எடுத்துத் தன் வீட்டு வாசலுக்கு நேரே நிறுத்தினார். கட்டிலில் கிடந்தவள் தலையைத் தூக்கி, "ஏங்க, அந்த..." என்றாள். அவர் பிரேக்கை மிதித்தார்.

ஒன்பது வருஷம் காலை எடுக்கவில்லை. கொழுந்தியாள் வெள்ளத்தாய் முன்பக்கமாக வந்து சோறு கொடுத்தாள். நகராட்சி டவுன் பஸ்ஸை வேறு தெரு வழியாகத் திருப்பியது. தேர்தலில் அதிகாரிகள் வண்டி ஜன்னலிலேயே விரலில் மை வைத்தார்கள். வீட்டுக்குள் போனால் போனவர்களும் நின்றுவிடுவார்கள் என்பதால் யாரும் போகவில்லை. பக்கக் கண்ணாடியில், பாதி திறந்த வாயோடு ஆவுடையம்மாள் தெரிந்துகொண்டே இருந்தாள். 'அந்த' என்றால் எந்த என்று ஊர் பேசியது. அந்தச் சங்கிலி என்றார்கள் சிலர். அந்தப் பால்சட்டி, அடுப்பில் இருந்தது என்றார்கள் சிலர். காசிராஜன் தலை வெளுத்தது. அவள் பின்னலில் ஒரு நரை இல்லை.

1996 பங்குனியில் ஒரு மத்தியானம் சோற்றைக் கொடுத்துவிட்டு வெள்ளத்தாய் போகாமல் நின்றாள்.

"அத்தான், நீங்க கண்ணாடில அவளப் பாக்கீங்க. அவ எதப் பாக்கா?"

காசிராஜன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"வண்டி முதுக," என்றாள் வெள்ளத்தாய். "எம்புட்டு வருஷமா."

அவர் தட்டைப் பக்கத்து சீட்டில் வைத்தார். கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். காலை எடுத்தார்.

"...வெயில்ல எதுக்கு உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க, எங்கிட்ட இருங்க," என்றாள் ஆவுடையம்மாள்.

காசிராஜனுக்குக் கால் மரத்துப் போயிருந்ததால் வெள்ளத்தாய்தான் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனாள். ஆவுடையம்மாள் அவர் தலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"பிரேக் வேல கொஞ்சம் இழுத்துருச்சு," என்றார்.

அவள் கட்டிலில் சுவரோரம் ஒண்டி அவருக்கு இடம் விட்டாள். டாக்டர் சொன்ன சாயங்காலம் அன்றைக்கு வந்தது, சொன்ன நேரத்துக்கே.