ஸலாஹுதீனின் பிரஷர்

கற்பிட்டியில் ஸலாஹுதீன் கருவாடு காயப்போடும் வாடிக்கு மேலே எந்த நேரமும் காகம் சுற்றும். ஆனால் அந்த வருஷம் அவர் துரத்தியதெல்லாம் காகம் என்று சொல்ல முடியாது. ஒருநாள் காற்றில் பறந்த கறுப்புப் பொலித்தீன் பையைத் துரத்திக்கொண்டு கடல் வரைக்கும் போனார். இன்னொரு நாள் பக்கத்து வாடிப் பஸ்தியானின் குடைக்குக் கல்லெறிந்தார். குடைக்குக் கீழே பஸ்தியானும் இருந்தார்.

"நானா, கல்லெறிஞ்சது பரவாயில்ல," என்றார் பஸ்தியான். "ஆனா நேற்றுக் காயப்போட்ட திருக்கைக்கு ஸலாம் சொல்லிட்டு, அது பதில் சொல்லல்ல எண்டு என்னோட கோவிச்சீங்க பாருங்க, அதுதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு."

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணை முதலில் வெட்ட வேண்டும் என்று புத்தளம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவை திகதி கொடுத்து, இரண்டு தடவையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கண்ணில் குறை இல்லை, பிரஷர்தான் கூட. குளிசையை ஒழுங்காகப் போடுங்கள், உப்பைக் குறையுங்கள் என்றார் டொக்டர். மூன்றாவது தடவையும் இப்படியே இருந்தால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அதற்குள் மீன் சீசன் தொடங்கிவிடும். கண் தெரியாதவர் கருவாடு தரம் பிரிக்க முடியாது. கையால் தடவிப் பிரிக்கிறேன் என்று ஒருநாள் உட்கார்ந்தவர், நெத்தலியையும் சூடையையும் ஒரே குவியலாக்கினார். மனைவி நபீலா இரவல் கை வாங்கி ஒரு நாள் முழுக்கப் பிரித்தாள்.

அதனால் இந்த முறை பிரஷரை இறக்கியே ஆக வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று. பொறுப்பை மகள் நிஸ்ரின் எடுத்துக்கொண்டாள்.

நிஸ்ரின் கம்பஸில் உயிரியல் படித்து முடித்து, ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தாள். வெளி ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை. குசினிக்குள் மட்டும் அவள்தான் அரசாங்கம். முதல் வேலையாக உப்புப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். வாடியில் மூட்டை மூட்டையாக உப்பு கிடக்க, வீட்டில் ஒரு போத்தலுக்குப் பூட்டு. பிறகு உம்மாவை இருத்தி விளங்கப்படுத்தினாள். இரத்தத்தில் உப்புக்கு ஓர் அளவு இருக்கிறது. உப்பு கூடினால் அதைக் கரைத்துச் சமமாக்க உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். தண்ணீர் கூடினால் குழாய்க்குள் அமுக்கம் ஏறும். கிட்னிதான் இரண்டையும் பார்த்துப் பார்த்து வெளியே விடுகிறது. வாப்பாவின் கிட்னிக்கு நாம் கொஞ்சம் வேலையைக் குறைத்துக் கொடுப்போம்.

நபீலா ஒரு கிழமை நம்பினாள்.

அடுத்த கிழமை அவளுக்கு இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, புருஷன் சோற்றையும் குழம்பையும் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குள் போகவில்லை. இது ஆணமா மழைத் தண்ணியா என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார். மற்றது, அவருடைய சேர்ட். இத்தனை வருஷமாக அந்தச் சேர்ட்டின் முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடு விழும், கரையில் அலை வந்து போன தடம் மாதிரி. அதைத் தோய்த்துத் தோய்த்தே நபீலாவின் கை தேய்ந்தது. இப்போது அந்தக் கோடு மங்கலாகத்தான் தெரிந்தது.

மனுஷனின் உடம்பில் உப்பு முடிந்துபோனது என்று அவளுக்குத் திக்கென்றது. மகளிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். நிஸ்ரினுக்கு நல்ல சந்தோஷம். அது நல்லதுதான் உம்மா, உப்பு வரவு குறைந்ததும் உடம்பு செலவைக் குறைத்துவிட்டது, வியர்வையிலும் சிக்கனம் பிடிக்கிறது என்றாள். நபீலா தலையை ஆட்டினாள். ஆனாலும் கண்ணால் காணாத ஒரு கிட்னியை நம்பிப் புருஷனை ஒப்படைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வாடிக்குப் போய் ஒரு பிடி உப்பு எடுத்துவந்து, அரிசி வாளிக்குள் சுருட்டி வைத்தாள். நிஸ்ரின் தொழப் போகிற நேரம் பார்த்து ஆணத்துக்குள் ஒரு கிள்ளு போட்டாள்.

அன்றிலிருந்து ஸலாஹுதீன் சோற்றுக் கோப்பையை வழித்துத் தின்றார்.

நிஸ்ரின் பிரஷர் பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள். காலையில் கட்டுவாள், மாலையில் கட்டுவாள். எண் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், பிறகு பழைய இடத்துக்கே வந்து குந்திவிடும். மெஷின் பழுது என்றார் ஸலாஹுதீன். நிஸ்ரின் குசினிக்குள் போனாள்.

திகதியும் வந்தது. மூன்று பேரும் காலை பஸ் ஏறினார்கள். மாம்புரி தாண்டும்போது நிஸ்ரின் வாப்பாவுக்குத் தைரியம் சொல்லத் தொடங்கினாள். கொஞ்ச நாளாக ஆணத்தில் துளி உப்பும் போடவில்லை, அதனால் பயப்பட வேண்டாம் என்றாள்.

நபீலாவுக்கு அதற்கு மேல் வாய் நிற்கவில்லை. "மகள், நான் போட்டன்."

"என்னத்த?"

"உப்பு. ஒவ்வொரு நாளும் ஒரு கிள்ளு. கடைசியா ரெண்டு கிள்ளு."

நிஸ்ரின் நெற்றியில் கை வைத்தாள். "அதுதானா உம்மா? நான் அரைக் கரண்டி போட்டன். ருசி பார்த்தாக் கூடவா இருந்திச்சு. என்ட கைதான் பிழை எண்டு கால் கரண்டியாக்கினன். அதுவும் கூட இருந்த படியால போடவே இல்ல."

"நீ போடாத படியாத்தானே நான் ரெண்டு கிள்ளு போட்டன்?"

முன் ஆசனத்துக்காரர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். ஸலாஹுதீன் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு பேரும் சண்டை பிடிக்க வேணாம்," என்றார். "ஆணம் சப்பெண்டு இருந்த நாளையில நான் பஸ்தியான்ட வாடியில சுட்ட கருவாடு திண்டன். ஆணம் ருசியா வந்த பிறகு அதில மனம் போகல்ல."

பிறகு நிஸ்ரினுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சத்தமாகச் சிரிக்கிற பிள்ளை அல்ல. தோள் மட்டும் குலுங்கியது. "ஒண்டு குறைஞ்சா மற்றது கூட்டுறது, இதத்தான் வாப்பா நான் கம்பஸில நாலு வருஷம் படிச்சன்," என்றாள். ஸலாஹுதீனும் சிரித்தார். முன் ஆசனத்துக்காரரும் சிரித்தார். நபீலாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. பாலாவி வருமுன் மற்றவர்களின் சிரிப்பும் வற்றிவிட்டது. இறங்கியிருக்க வேண்டிய பிரஷர் இறங்கவில்லை என்பது அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது.

கண் வார்ட்டில் தாதி அல்பொன்சா மிஸ் பிரஷர் பட்டியைக் கட்டிப் பார்த்தாள். எண் முன் இரண்டு தடவையையும் விடக் கூட. குளிசை போட்டாரா என்று கேட்டாள். ஒருநாளும் தவறவில்லை, அதிலே மூன்று பேருக்கும் ஒரே பேச்சு. மத்தியானத்துக்குள் டொக்டர் கண் வெட்டுவதை முடித்துவிடுவார், கொஞ்சம் இருந்துவிட்டு இன்னொரு தடவை பார்ப்போம் என்றாள் மிஸ்.

நிஸ்ரின் வாப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். நபீலா கிளினிக் புத்தகத்தால் விசிறினாள், ஓதி ஓதி நெஞ்சில் ஊதினாள். நிஸ்ரின் பையிலிருந்து தன் மெஷினை எடுத்துக் கட்டினாள். கூட. உடனே மறுபடி கட்டினாள். இன்னும் கூட. ஸலாஹுதீனின் நெற்றி வியர்த்தது. மூன்றாவது தடவை கட்டப்போகையில் அல்பொன்சா மிஸ் வந்து மெஷினை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் போட்டாள்.

"ரெண்டு பேரும் வெளிய வேப்ப மரத்துக்குக் கீழ போய் இருங்க. நானாவோட ஒருத்தரும் கதைக்க வேணாம்."

"நாங்க என்ன செய்ற மிஸ்?" என்று கேட்டாள் நபீலா.

"ஒண்டும் செய்யாதீங்க."

"அத எப்பிடி மிஸ் செய்ற?"

மிஸ் கதவைக் காட்டினாள்.

வேப்ப மரத்தடி வாங்கில் உட்கார்ந்தால் யன்னலால் ஸலாஹுதீனின் தலை தெரியும். நபீலா உட்கார்ந்தாள். கை விசிறத் தேடியது. வாய் ஓதத் தேடியது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டாள். நெஞ்சு படபடவென்று அடித்தது, முதுகெல்லாம் நனைந்திருந்தது. களப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று வந்தது. நனைந்த முதுகில் அது பட்டதும் குளிர்ந்தது. இன்னும் கொஞ்சத்தில் மூச்சு நீளமானது. நெஞ்சின் அடி எப்போது அடங்கியது என்று அவளுக்கே தெரியாது. அவள் ஒன்றும் செய்யவில்லை.

"மகள்," என்றாள் மெதுவாக. "இத ஆர் செய்ற?"

உம்மா எதைக் கேட்கிறாள் என்று நிஸ்ரினுக்கு விளங்கியது. "ஒரு ஆள் எண்டு இல்ல உம்மா. கிட்னி, இதயம், தோல், மூளை, எல்லாம் சேர்ந்துதான். ஏறினா இறக்கும், இறங்கினா ஏத்தும்."

"எங்கள மாதிரி."

"ஓம். ஆனா அதுகள் ஒண்டுக்கொண்டு ஒளிக்கிறல்ல."

நபீலா இப்போதுதான் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். பக்கத்து வாங்கில் இருந்த சிங்களக் கிழவிக்கும் காரணம் தெரியாமல் சிரிப்பு வந்தது.

யன்னலில் ஸலாஹுதீனின் தலை சரிந்திருந்தது. நபீலா எழும்பிப் பார்த்தாள். மனுஷன் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு நித்திரை. அவரை எழுப்ப வேண்டாம் என்று யாருக்காவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அதையும் சொல்லாமல் உட்கார்ந்தாள்.

அல்பொன்சா மிஸ் சத்தமில்லாமல் வந்து அவருடைய கையில் பட்டியைக் கட்டினாள். காற்றை ஏற்றினாள், விட்டாள். இன்னொரு தடவை ஏற்றிப் பார்த்தாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினாள். டொக்டர் கேட்ட அளவுக்கு வந்துவிட்டது, மயிரிழையில். இனி வீட்டில் உப்புப் போடுகிற கை ஒன்றாக இருக்க வேண்டும், அதுவும் சிக்கனக் கையாக இருக்க வேண்டும் என்று நபீலாவிடமும் நிஸ்ரினிடமும் கண்டிப்பாகச் சொன்னாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல நின்று கேட்டார்கள்.

ஸலாஹுதீனுக்குப் பச்சை உடுப்பு மாட்டிக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் நிறுத்தச் சொன்னார்.

"நபீலா, குர்ஆன்ல எந்த சூறாவ ஓதின?"

"ஒண்டும் ஓதல்ல."

"நிஸ்ரின், நீ அந்தத் தண்ணியில என்னமும் கலந்து தந்தியா?"

"இல்ல வாப்பா. நாங்க சும்மா இருந்தம்."

அவர் இரண்டு பேரும் நின்ற திசையை மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சும்மா இருக்கிற ஆக்களா நீங்க?" என்றார். "கண்ணத் திறந்து விடட்டும், வந்து விசாரிக்கிறன்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே போன பிறகும் அவர் யாரிடமோ அதையே சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.