கத்தாத பேய்

பச்சையம்மா பேயாக நடித்த படம் வெள்ளிக்கிழமை மேட்னிக்கு வருகிறது என்பது கும்மிடிப்பூண்டி மீன் மார்க்கெட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியாது. ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் ஊரில் இல்லை. மற்ற எல்லாருக்கும் அவளே சொல்லியிருந்தாள். மடவை மீன் கேட்டு வந்தவர்களுக்குச் சொன்னாள், வழி கேட்டு வந்தவர்களுக்கும் சொன்னாள். எளாவூர் செக்போஸ்ட்டில் நின்ற லாரி டிரைவர் ஒருவருக்கு இந்தியிலேயே சொன்னாள் என்றும் பேச்சு. அவளுக்கு இந்தி தெரியாது என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

"சீட்டு நனைஞ்சிடும், சொல்ட்டேன்," என்பாள். "மாத்துத் துணி எடுத்துக்கினு வாங்க."

படம் எடுத்தவன் அவள் தங்கை மகன் சசிகுமார். சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் கம்பியை அளந்து பார்த்து முத்திரை குத்தும் வேலையில் இருந்தவன். அந்த வேலையை விட்டுவிட்டு, மூடிக் கிடந்த ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, 'ஷெட் நம்பர் எட்டு' என்று ஒரு பேய்ப்படம் எடுத்தான். பேயாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஷெட்டுக்குள் தொங்கிய வௌவால்களைப் பார்த்தாள், வந்த காரிலேயே திரும்பிப் போனாள். அந்த நேரம் பார்த்து, படப்பிடிப்புக்காரர்களுக்கு நண்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு சுண்ணாம்புகுளத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் பச்சையம்மா. கூந்தல் முழங்காலைத் தொடும். கண் ஒவ்வொன்றும் பெரிய கிளிஞ்சல் அளவு. குழம்புச் சட்டியை வாங்கி வைத்துவிட்டு, வெள்ளைப் புடவையைக் கொடுத்துவிட்டார்கள்.

குரல் மட்டும் அவளுடையது இல்லை. சென்னையில் அலறுவதற்கென்றே ஓர் அம்மா இருக்கிறாராம். அவரைக் கொண்டு அலற வைத்தான் சசிகுமார். "உன் வாய்சுக்கு மைக்கு தாங்காது பெரிம்மா," என்று சமாதானமும் சொன்னான்.

அதில் பொய் இல்லை. பச்சையம்மா மார்க்கெட்டில் "இறா! இறா!" என்று குரல் கொடுத்தால், கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நிற்பவர்கள் வண்டி வருகிறதென்று பையைத் தூக்கிக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கத்தலுக்கு யாரும் பயந்ததில்லை. அவள் கத்தினால் மீன் நல்ல மீன், வியாபாரம் நன்றாகப் போகிறது என்று அர்த்தம். வாங்க வருகிறவர்களும் பதிலுக்குக் கத்துவார்கள்.

அவள் குரல் தாழ்ந்தால்தான் விவகாரம்.

ஒருமுறை கிரேன் ஆபரேட்டர் துலுக்காணம் வந்தார். ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். மறுபக்கமும் தூக்கிப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். முகர்ந்தார். "நேத்து மீனு," என்று போட்டார். மார்க்கெட்டே காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானது. பச்சையம்மா கத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, தூங்கும் பிள்ளையிடம் பேசுவதுபோல, "இன்னா கண்ணு... மீனு நல்லா இல்லியா?" என்றாள்.

துலுக்காணம் அந்த மீனையும், கேட்காத இன்னொரு மீனையும், அவை கிடந்த ஐஸையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒரு மாதம் அவர் வீட்டில் கத்திரிக்காய்தான்.

நிற்க. தியேட்டர் மேனேஜர் அந்தோணி, சசிகுமாருக்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு காட்சி. "ஜனம் பயந்தா ஒரு வாரம் ஓட்றேன். சிரிச்சா, மறுநாளே தெலுங்கு டப்பிங் படம். அதுல ஃபைட்டு நெறைய கீது," என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

சசிகுமாருக்குப் போவது படம். பச்சையம்மாவுக்குப் போவது மானம். மார்க்கெட்டில் அவளுக்குப் பக்கத்து இடத்தில் பலகை போட்டு நண்டு விற்பவள் பூவம்மாள். அவள் நண்டுக்குக் கால் எத்தனையோ, அவளுக்கு நாக்கு அத்தனை. படம் ஒரே காட்சியில் தூக்கப்பட்டால், பச்சையம்மா மிச்ச ஆயுளை பூவம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழிக்க வேண்டும். அதைவிட அந்த ஷெட்டில் வௌவால்களோடு தொங்கலாம்.

வெள்ளிக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்து சாப்பாட்டுப் பையோடு கம்பெனி ஆட்கள் அப்படியே வந்துவிட்டார்கள். பேக்கிங் கம்பெனிப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். மார்க்கெட் மொத்தமும் கடையைச் சாத்திவிட்டு வந்தது. பூவம்மாள் முன்வரிசையில் பாப்கார்ன் பொட்டலத்தோடு, கல்யாணத்துக்கு வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். பச்சையம்மாவும் சசிகுமாரும் கடைசி வரிசை.

படம் ஆரம்பித்தது. கதாநாயகன் டார்ச் லைட்டோடு இருட்டு ஷெட்டுக்குள் நுழைந்தான். இசை நடுங்கியது.

"டேய், ஹெல்மெட்டு எங்கடா?" என்றது ஒரு குரல்.

"ஷூவும் போடல. பேய் அடிக்கறதுக்குள்ள சேஃப்டி ஆபீசர் அடிப்பாரு."

"கரண்ட் பேனலாண்ட தண்ணி நிக்குது பாரு. இவன் சாவறதுக்குப் பேயே தேவையில்லப்பா."

கதாநாயகன் தொங்கும் கிரேன் கொக்கிக்குக் கீழே போய் நின்றபோதுதான் தியேட்டர் முதல் தடவையாகப் பயந்தது. "நவுருடா, நவுருடா!" என்று துலுக்காணம் எழுந்து நின்று கை காட்டினார். அவன் நகர்ந்த பிறகுதான் உட்கார்ந்தார். சசிகுமார் அந்த இடத்தில் பயம் எதையும் வைக்கவில்லை. அது வெறுமனே நடந்து போகிற காட்சி.

பிறகு பேய் வந்தது. புகை நடுவிலிருந்து வெள்ளைப் புடவை எழுந்தது. கூந்தல் விலகி, கண்கள் திறந்தன. ஒரு கை மெதுவாக நீண்டது. சென்னை அம்மா கூரையே பிய்ந்துவிடும்படி அலறினார்.



"ஐய! நம்ம பச்சையம்மாக்கா!"

"யக்கா, வவ்வா மீன் கீதா?"

"கையப் பாரு, மீன் எடுத்துக் காட்ற மாரியே நீட்டுது!"

"கழுவிக் குடுக்கச் சொல்லுபா!"

சிரிப்பு கிளம்பியது. சிரித்ததில் மூன்று சீட்டு உடைந்தது, ஒருவருக்குப் பல் செட் முன்வரிசைக்குப் போய்விட்டது. பேய் மறுபடி அலற, தியேட்டர் பதிலுக்கு அலறியது. பேய் சுவர் ஏறியபோது, "இறா சீக்கிரம் வித்துப்போச்சி, ஊட்டுக்குப் போவுது," என்றார் ஒருவர். சசிகுமார் சீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழிந்தான்; இடைவேளை விளக்கு எரிந்தபோது தலை மட்டும் தெரிந்தது.

வெளியே வந்ததும் பூவம்மாள் பிடித்துக்கொண்டாள். "யக்கா, பொடவ எடுப்பா இருந்திச்சி. எந்தக் கடை?"

"வாய மூடிக்கினு பாப்கார்னைத் துன்னுடி."

"கோச்சிக்காதக்கா. நீ கத்துனா எவ பயப்படுவா? காலீல உன் கத்தலு கேக்கலன்னா எனக்கு நாஷ்டாவே எறங்காது."

அந்தோணி அந்தப் பக்கமாகத் தெலுங்குப் படத்து போஸ்டரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போனார். பசை வாளி முன்னாலேயே போயிருந்தது.

சசிகுமார் படிக்கட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "பேஜாராப் போச்சி பெரிம்மா. கம்பெனில திரும்பச் சேத்துக்குவானான்னு பாக்கணும்."

பச்சையம்மா கேன்டீன் பக்கம் போனாள். கேன்டீன்காரர் எபினேசரிடம் ஒரு டீ வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. வேறு நாளாக இருந்தால் கிளாஸோடு சேர்த்து அவரையும் கழுவி ஊற்றியிருப்பாள். இன்று கத்துவதற்குத் தெம்பில்லை. கிளாஸைப் பலகையில் வைத்து, "இன்னா கண்ணு... டீ ஆறிப்போச்சா?" என்றாள்.

எபினேசர் வெளிறிப்போனார். புது டீ வந்தது. கேட்காமல் பன் வந்தது. பன்னுக்கு வெண்ணெய் வந்தது. "யக்கா, ஊட்ல எல்லாரும் சவுக்கியமா?" என்று கேட்டபடி இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.

பச்சையம்மா பன்னைப் பார்த்தாள். எபினேசரைப் பார்த்தாள். மறுபடி பன்னைப் பார்த்தாள்.

"டேய் சசி," என்றாள். "அந்த மெட்ராஸ்காரி வாய மூட முடியுமா?"

"இன்னா பெரிம்மா?"

"கடேசில அடுப்பாண்ட அந்தப் பையன மடக்குவேனே. அப்போ சவுண்ட அமுத்திடு. சுத்தமா அமுத்து."

"ஐயோ, அது க்ளைமாக்ஸ்! அதுக்கோசம் மூணு நாள் அலற வுட்டு ரெக்கார்டு பண்ணோம்."

"அந்த அலறலுக்குத்தான சிரிக்கிறானுங்கோ. போடா, ஆபரேட்டர் ரூமுக்குப் போ."

அவன் போனான். போகாமலிருந்தால் அவள் அதையே மெல்லச் சொல்லியிருப்பாள்.

இடைவேளைக்குப் பிறகு விளக்கு அணைந்ததும் பச்சையம்மா கடைசி வரிசையில் இல்லை. குனிந்து நடந்து, துலுக்காணத்துக்கு நேர் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பேய் நாலைந்து தரம் வந்து போனது. ஒவ்வொரு தடவையும் சிரிப்பு. "யக்கா, நண்டு வாங்கணும்னா பக்கத்துல பூவம்மாளாண்ட போவணுமா?" என்று யாரோ கேட்க, முன்வரிசையிலிருந்து பூவம்மாள் எழுந்து நின்று கும்பிடு போட்டாள்.

கடைசியில் உலை அடுப்புக்குப் பின்னால் கதாநாயகன் ஒளிந்தான். திரை முழுக்க பச்சையம்மாவின் முகம். வாய் திறந்தது. இன்னும் திறந்தது. அடுத்த நொடி அலறல் வரவேண்டும். ஊரே அதற்குச் சிரிக்க மூச்சைப் பிடித்து வைத்திருந்தது.

சத்தம் நின்றது.

"சவுண்டு!" என்று விசில் அடித்தார்கள். திரையில் அந்த வாய் மட்டும் கிணறு மாதிரி திறந்தபடி இருந்தது.

அப்போது இருட்டில், மனித உயரத்தில், மிகப் பக்கத்தில், ஒரு குரல் கேட்டது.

"இன்னா கண்ணு..."

விசில் அடித்த உதடுகள் குவிந்தபடியே நின்றன. அந்த வரிசை அமைதியானது. அதைப் பார்த்து முன்வரிசை அமைதியானது. கரண்ட் போகிற மாதிரி தெருத் தெருவாக அமைதி பரவி, சுவர் ஃபேன் ஓடுவது கேட்டது.

"...மீனு நல்லா இல்லியா?"

துலுக்காணம் உட்கார்ந்த நிலையிலேயே மேலே போனார். கிரேன் கொக்கி மாட்டித் தூக்கியதுபோல நேர் மேலே. இறங்கும்போது இரண்டு வரிசை தள்ளி இறங்கினார். அவருடைய ஒரு செருப்பு திரைக்குக் கீழே கிடைத்தது. இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். பேக்கிங் கம்பெனிப் பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தி ஏறி, ஒரே சீட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையிலிருந்து பாப்கார்ன் வெள்ளையாக எழும்பி, கூரை வரை போய், மெதுவாக இறங்கியது. எங்கோ ஓர் ஆண் குரல், "வாங்கிக்கிறேன்க்கா! ரெண்டு கிலோவா வாங்கிக்கிறேன்க்கா!" என்று அழுதது. கதவு திறந்த வேகத்தில், பிளாட்பாரத்தில் நின்ற ஆட்டோக்கள் ஆள் ஏறாமலே கிளம்பிவிட்டன.

படத்தில் பேய் செத்ததா, கதாநாயகன் செத்தானா என்று பார்க்க உள்ளே ஆள் இல்லை.

அந்தோணி பசை வாளியோடு ஓடி வந்தார். ஓடுகிற ஜனத்தைப் பார்த்தார். தெலுங்கு போஸ்டரைக் கீழே போட்டார். "ஒரு வாரம் இல்ல, ரெண்டு வாரம்!" என்று சசிகுமாரின் கையைப் பிடித்து உலுக்கினார். பிறகு பச்சையம்மாவைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டார். "ஆனா யம்மா, நீ டெய்லி மேட்னிக்கு வரணும். நீ இல்லன்னா பேய் இல்ல."

"நான் இங்க குந்திக்கினு இருந்தா மீன யாரு விப்பா?"

அந்தோணி சசிகுமாரைப் பார்த்தார். எபினேசர் சசிகுமாரைப் பார்த்தார்.

"நான் டைரக்டர் பெரிம்மா," என்றான் அவன்.

"அதுக்கு இன்னா கண்ணு?" என்றாள் பச்சையம்மா, மெல்ல.

மறுநாளிலிருந்து மத்தியான வியாபாரத்துக்கு டைரக்டர்தான் மார்க்கெட்டில் உட்கார்ந்தான். ஜனம் செவுளைத் தூக்கிப் பார்த்தது, வயிற்றை அமுக்கியது, "இன்னா டைரக்டரு, க்ளைமாக்ஸ் மாரி வாடிக் கெடக்குது?" என்றது. சென்னைப் பேட்டிகளுக்காக அவன் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எதுவும் அங்கே உதவவில்லை.

பச்சையம்மா தினமும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் ஒரு சிக்கல் வந்தது. இருட்டில் மீன் வாடை அடித்ததும் அந்த வரிசை முழுக்க முன்கூட்டியே எழுந்து ஓடிவிட்டது. அதனால் சந்தன சோப்புப் போட்டுக் குளித்து, மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். நான்காம் நாள் மல்லிகை வாசத்துக்கும் ஓடினார்கள். கடம்பத்தூரிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் திரையைப் பார்க்கவில்லை. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்துச் சுளுக்கோடு ஊர் திரும்பினார்கள்.

ஐந்தாம் நாள் பூவம்மாள் மறுபடி வந்தாள், பாப்கார்ன் இல்லாமல். நடு வரிசையில், இரண்டு பக்கமும் ஆள் உள்ள சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள். பின்னால் ஒரு சீட்டு காலி.

அடுப்புக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால், அந்தச் சீட்டு கிறீச்சென்றது.

பச்சையம்மா மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் பக்கத்து இடத்திலிருந்து வாங்கிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து இவளிடம் எதைச் சொல்வது என்று யோசித்தாள். எதுவும் போதாது என்று பட்டது. திரையில் அவள் வாய் திறந்தது. சத்தம் நின்றது. தியேட்டர் மூச்சைப் பிடித்தது. பச்சையம்மா ஒன்றும் சொல்லவில்லை. மடியிலிருந்த வேர்க்கடலையில் ஒன்றை எடுத்து, தோலை நிதானமாக உரித்தாள்.

பூவம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"யக்கா," என்றாள், அழுகிற குரலில். "நீ குந்திக்கினு கீறன்னு தெரியும். சீக்கிரம் சொல்லித் தொலைக்கா."

பச்சையம்மா கடலையை வாயில் போட்டு மென்றாள்.