தாசில்தார் கட்டிலுக்குப் போகும் தூரம்

1976 ஆனி மாதம் தென்காசித் தாசில்தாராக நமசிவாயம் நாற்காலியில் உட்கார்ந்த அன்று, அவரைச் சுற்றித் தரை நீண்டது. கோப்போடு வாசலிலிருந்து கிளம்பிய பியூன் மாடக்கண்ணு மத்தியானம் வரை நடந்தார். “என்ன வே, இன்னுமா?” என்று தாசில்தார் கேட்க, “பொறப்பட்டுட்டேன் ஐயா, வந்துக்கிட்டேதான் இருக்கேன்” என்று பதில் வந்தது. சர்வேயர் டேப் பிடித்துப் பார்த்ததில் வாசலுக்கும் மேஜைக்கும் பன்னிரண்டு அடிதான். டேப்பும் சரி, மாடக்கண்ணுவின் கால்வலியும் சரி என்று முடிவாயிற்று. மனு கொடுக்க வந்தவர்கள் கட்டுச்சோறு கொண்டுவந்தார்கள். முந்தின தாசில்தார் இதைவிடத் தூரத்தில் இருந்தார் என்றும் சிலர் சொன்னார்கள்.

நமசிவாயத்துக்கு அந்த அகலம் பிடித்திருந்தது. குற்றாலம் மெயினருவியில் ஆள்மேல் ஆள் சாய்ந்து குளித்து வளர்ந்தவர். இப்போது அவர் போய் நின்றால் அருவியே நாலு முழம் தள்ளி விழுந்தது. நனையாமல் திரும்பினார். மேலகரத்து வீட்டுக்கும் தூரம் கூடவே வந்தது. தாய்மாமன் மகளான மனைவி குழல்வாய்மொழி கொண்டுவரும் காப்பி வழியிலேயே ஆறியது. பிறகு படுக்கையும் தனியாயிற்று, அவளுக்குப் பாய், அவருக்குக் கட்டில். அவருக்குக் காதோரம் நரைத்ததை அவள் அடுக்களையிலிருந்துதான் பார்த்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு டைபாய்டு கண்டது. டாக்டர் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. நெற்றியில் ஈரத்துணி போட யாராவது போய்ச் சேர வேண்டும். விடிந்ததும் குழல்வாய்மொழி புறப்பட்டாள். கட்டில் தெரிந்தது, கிட்ட வரவில்லை. வெயில் ஏறியது, துணி காய்ந்தது. நடுவில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, ஏன் உக்காந்துட்ட?”

“முடியல அத்தான். நாளைக்கு வாரேன்.”

“நாளைக்கு நான் இருக்கணுமே.”

“அப்பம் எந்திரிச்சு வாங்க. ஒங்கள யாரு வர வேண்டாம்னா?”

தாசில்தாரிடம் எல்லாரும் வருவார்கள். அவர் எழுந்து யாரிடமும் போகும் வழக்கமில்லை. வழக்கமில்லாததால் அதுவரை அவருக்கும் தோன்றவில்லை, ஊருக்கும் தோன்றவில்லை. இப்போது சுவரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இறங்கினார். மூன்றே எட்டில் அவள் மடியில் தலை வைத்துவிட்டார். அவர் பக்கத்திலிருந்து அவ்வளவுதான் தூரம்.

“இம்புட்டுத்தானா, பாவி மனுசா” என்று அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். அன்று முழுக்க எடுக்கவில்லை.

காய்ச்சல் இறங்கியது. தூரம் குறையவில்லை. ஆபீசில் மாடக்கண்ணு காலையிலேயே புறப்படுவது வழக்கம்போல் நடந்தது. மேலகரத்தில் மட்டும், சாப்பாடு முடிந்ததும் குழல்வாய்மொழி தன் பாயில் ஓரமாக நகர்ந்து படுத்து, “வாங்க” என்பாள். வருவார்.