முன்பக்கம் மாறிய படகு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. காளிகாட் மெட்ரோ நிலையத்தில், பைகளைச் சோதிக்கும் இயந்திரத்தின் வாயில் சிக்கிக்கொண்டு நின்றது. ஒரு துடுப்பு. ஒரே முனையில் இலை வைத்த நீளத் துடுப்பு. பாதி உள்ளே போய்விட்டது, மீதி வரமாட்டேன் என்கிறது. இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் அவள் அப்பா, நடுவில் தலையைச் சொறிந்துகொண்டு காவலர்.

"இழுக்காதேப்பா" என்று அவள் தமிழில் சொன்னதும் என் கால் நின்றுவிட்டது. கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு உள்ள வியாதி அது. அவரோ இழுத்தார். துடுப்பு வந்தது. பிறகு ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், படியிறங்கிப் போனார்கள். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் வரிக்குச் சில முயற்சிகள்.

"ஷியாமளாவுக்கு நீச்சல் தெரியாது." இப்படித் தொடங்கினால், கதை முடிவதற்குள் அவளை நான் தண்ணீரில் தள்ளிவிடுவேன் என்று நினைப்பீர்கள். தள்ளமாட்டேன்.

"மழை விட்ட ஒரு மாலையில், ஜாதவ்பூரில் ஒரு மாடி வீட்டில்—" வேண்டாம். மழை விட்ட மாலைகளுக்கும் ஓய்வு வேண்டாமா?

"ரங்கராஜன் கேஸை மூடிவிட்டு, மூடியாயிற்றா என்று பார்க்க மறுபடியும் அடுக்களைக்குப் போவார்." இது இருக்கட்டும். தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரங்கராஜன் வங்கி அதிகாரி. அவர் மனைவி ஷியாமளா, சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் ஓர் அலுவலகத்தில் ஃபெர்ரிப் படகுகளுக்கு அடிப்பாகம் வரைந்து தருகிறாள். ஒரே பெண் அக்ஷரா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்கிற ரகம். தமிழைவிட வங்காளி நன்றாக வரும். அப்பாவும் பெண்ணும் குளிர்காலம் வந்தால் ரயிலேறி வடக்கே போய், மலையிலிருந்து பாறை பாறையாக மோதி இறங்கும் டீஸ்டா ஆற்றில் கனூ ஓட்டுகிறவர்கள். கனூ என்பது மண்டியிட்டு உட்கார்ந்து, ஒற்றை இலைத் துடுப்பால் ஓட்டும் படகு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.

போன குளிர்காலத்தில் அது கவிழ்ந்தது. உடம்பில் அடி இல்லை, பேச்சுக்குத்தான் அடி.

"அப்பா பாறையைப் பாத்து நேரா போறார்மா. நில்லுன்னா நிக்கறதே இல்லை."

"இவளோட ஆத்துல இறங்கறதும் ஒண்ணு, மியூசியத்துக்குப் போறதும் ஒண்ணு. பாறைக்குப் பாறை நிறுத்தி வேடிக்கை பாக்கறா."

ஷியாமளா இருவரையுமே நம்பவில்லை. கேஸை இரண்டு தரம் பார்க்கிற மனுஷரா பாறையில் போய் முட்டுவார்? ஓடுகிற பஸ்ஸில் தாவுகிறவளா நின்று நிதானிப்பாள்? ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். அவள் ஒருநாளும் ஆற்றுக்குப் போய்ப் பார்த்ததில்லை.

அக்ஷரா, தனி ஆள் ஓட்டும் படகு வாங்கப் போவதாகச் சொன்னாள். ரங்கராஜன் தன் துடுப்பைத் தூக்கி பீரோ மேல் போட்டார். அதற்கப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. இந்த இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஆற்றைத் தவிர வேறு விஷயமே இருந்ததில்லை என்பது ஷியாமளாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்களை மறுபடியும் ஒரே படகில் உட்கார வைக்காவிட்டால், இனி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நலம் விசாரித்துக்கொள்கிற அப்பாவும் பெண்ணுமாக ஆகிவிடுவார்கள்.

சரி, ஒரு படகு வரைகிறேன் என்று உட்கார்ந்தாள்.

3

இங்கே கதையை நிறுத்திக் கொஞ்சம் பாடம் நடத்தப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்ட நாட்களில் நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், அதை உங்களுக்கும் கொடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஒரு கனூவைத் தரையில் வையுங்கள். அடிப்பாகம் முழுக்கத் தரையில் படிந்தால், அது ஆற்றில் நூல் பிடித்தாற்போல் நேரே ஓடும், திரும்பு என்றால் திரும்பாது. முனை மேலே வளைந்திருந்தால் ஒரு தட்டலில் திரும்பிவிடும், நேரே போ என்றால் போகாது. அடியும் பக்கமும் சேரும் விளிம்பு கூராக இருந்தால் நீரைக் கடித்துப் பிடிக்கும், அசந்தால் ஆளைக் கவிழ்க்கும். உருண்டையாக இருந்தால் எந்தத் தப்பையும் பொறுத்துப்போகும், ஆனால் எதையும் பிடிக்காது. முனை பருத்திருந்தால் அலைமேல் ஏறும், ஒல்லியாக இருந்தால் அலைக்குள் புகும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது. வித்தியாசமெல்லாம் ஒரு விரல் தடிமன்தான். அந்த விரல் தடிமனை அத்தனை பெரிய ஆறு கண்டுபிடித்துவிடுகிறது! பனியுருகி மலையைப் பிளந்துகொண்டு வருகிற ஆறு, ஒரு மனுஷி மவுஸை நகர்த்தி வரைந்த வளைவை மதித்து வழிவிடுகிறது. நினைக்க நினைக்க எனக்குச் சிலிர்க்கிறது.

அப்படியானால் இருப்பதிலேயே சிறந்த கனூ எது? யார் கைக்கு என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ஆற்றை முட்டிக்கொண்டு போகிறவருக்கு ஒன்று. பாறை மறைவுகளில்* நின்று, பார்த்துப் போகிறவருக்கு இன்னொன்று. ஷியாமளாவுக்கு வேண்டியது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று.

* பாறை மறைவு: ஆறு எவ்வளவு வேகமாக ஓடினாலும், பெரிய பாறையின் கீழ்ப்பக்கம், அதாவது நீர் ஓடிப்போகும் பக்கம், ஒரு துண்டு நீர் ஓடாமல் தங்கும். படகை அதற்குள் நுழைத்துவிட்டால், அத்தனை கொந்தளிப்புக்கு நடுவே நம் வீட்டுக் கூடத்தில் இருப்பதுபோல இருக்கலாம். கரையில் நிற்பவர்களுக்கு மட்டும் படகு தெரியாது. (இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

அவள் படகின் இரு முனைகளையும் வேறுவேறாக வரைந்தாள். முன்முனை அவசரக்காரிக்கு: ஒல்லியாக, மேலே வளைந்து, சட்டென்று திரும்புவதாக. பின்முனை நிதானஸ்தருக்கு: அவர் எடைக்கு ஏற்றபடி பருத்து, தட்டையாக, கூர் விளிம்போடு, நேர்கோட்டைவிட்டு நகராததாக. பெண் முன்னால் எப்படித் தாவினாலும் அப்பா பின்னால் பிடித்துக்கொள்வார்.

"ஏன்னா, இது உங்க சுபாவத்துக்குன்னே போட்ட பின்பக்கம், பாருங்கோ."

ரங்கராஜன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "என் சுபாவமா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

துர்கா பூஜை முடிந்து ஓய்ந்திருந்த சிலைக்காரர் பேட்டையான குமார்டுலியில், சிலை வார்க்கும் பட்டறை ஒன்றில், ஃபைபரில் அந்தப் படகு உருவாயிற்று. பார்க்கப் போன அன்று, இன்னும் கை முளைக்காத தேவிகளின் வைக்கோல் உடம்புகளுக்கு நடுவே அது கவிழ்ந்து கிடந்தது. ஷியாமளா தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

4

ரங்கராஜன் மேல் எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

ஒரு மனிதருக்கு ஒரு கேஸ் அடுப்பைக் கொடுத்துவிட்டு, ஆள் தயார் என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். மெட்ரோவில் நான் பார்த்தவர் என்ன செய்தார்? மகள் இழுக்காதே என்றதும் இழுத்தார். அதை நானே முதல் பகுதியில் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, மறந்துவிட்டு, அவரை நிதானஸ்தர் என்று வரைந்திருக்கிறேன். ஷியாமளாவை மட்டும் குறை சொல்லி என்ன புண்ணியம்.

போய்த் திருத்தலாமா என்று யோசித்தேன். வேண்டாம். ஆறு திருத்தட்டும்.

5

அப்பாவையும் பெண்ணையும் புதுப்படகில் ஏற்றுவதற்கு ஷியாமளா ஒரு நிபந்தனை போட்டாள்: தானும் கூட வருவேன், கரையில் நிற்பேன். இருவரும் ஒப்புக்கொண்டது, அவள் இத்தனை மாதம் கண் விழித்து வரைந்ததைப் பார்த்த இரக்கத்தில்தான். "இதுவும் கவுந்துதுன்னா அப்புறம் கேக்காதே" என்றாள் அக்ஷரா. ரங்கராஜன் தலையாட்டினார். அதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

ஷியாமளா டீஸ்டாவின் ஈரக் கூழாங்கல் கரையில் நின்றாள். படகு மேலே வளைவிலிருந்து வெளிப்பட்டது.

முதலில் அவளுக்குக் கேட்டது ஒரு கூவல். திருவிழாக் கூட்டத்தில் பையன்கள் போடுவார்களே, அந்தக் கூவல். யார் என்று தேடினாள். பின்னால் மண்டியிட்டிருந்த ரங்கராஜன். வாயெல்லாம் பல். அலை எங்கே பெரிதோ அங்கே படகைச் செலுத்துகிறார். முன்னால் அக்ஷரா, ஒவ்வொரு பாறையையும் கண்ணால் அளந்துகொண்டு, "தாராவ்! தாராவ்ப்பா!" என்று கத்துகிறாள். பதற்றம் வந்தால் அவளுக்கு வங்காளிதான் வரும், நில் என்று சொல்லக்கூட.

அப்போது ஷியாமளாவின் மனம் பொங்கும் ஆற்றைப்போல— சீ. ஆறு பக்கத்திலேயே ஓடும்போது மனதை எதற்கு ஆறாக்க வேண்டும்? அவள் தண்ணீரின் விளிம்பு வரைக்கும் இறங்கி வந்துவிட்டாள், அவ்வளவுதான். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் சாதம் போட்ட இரண்டு பேரை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். எவ்வளவு அழகாக இருக்கிறார்கள்! அவருக்குள் இப்படி ஒரு கூவல் எங்கே இருந்தது? தாவுகிற பெண் என்று நினைத்தவளுக்குள் இத்தனை பொறுமையான கண்கள் எங்கே இருந்தன? ஷியாமளாவின் கண் நிறைந்துவிட்டது.

அதற்குள் அக்ஷரா ஒரு பாறை மறைவைக் குறிவைத்துத் துடுப்பைப் போட்டாள். முன்முனை வரைந்தபடியே சட்டென்று திரும்பியது. பின்முனையும் வரைந்தபடியே நேரே போனது. படகு ஆற்றுக்குக் குறுக்கே நின்று சாய்ந்தது. தண்ணீர் உள்ளே கொட்டியது. எப்படியோ துழாவிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன். நீ சொன்னது நிஜம்."

"அப்போ இத்தனை நாளா நான் பொய் சொல்றேன்னு நெனச்சியா?"

"ஆமாண்டி. நெனச்சேன்." ஷியாமளா கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களையும்தான்."

ரங்கராஜன் தலைக்கவசத்திலிருந்து தண்ணீரை வடித்தார். "எனக்கே தெரியாதுடி. ஆத்துல இறங்கினா வேற யாரோ வந்துடறான்."

அக்ஷரா ஏற்கெனவே உயிர்காப்பு ஜாக்கெட்டின் வாரை அவிழ்க்க ஆரம்பித்திருந்தாள். இனி ஒன்றுமில்லை என்கிற மாதிரி. ஷியாமளா படகையே பார்த்தாள். பருத்த முனை, ஒல்லியான முனை. அப்புறம் அந்த இரண்டு பேரையும் பார்த்தாள்.

"படகைத் திருப்புங்கோ" என்றாள்.

"எங்கே திருப்பறது?"

"பின்பக்கத்தை முன்பக்கமா வெச்சுக்கோங்கோ. நீங்க அதே எடத்துல, வெளிப்பக்கமா பாத்து உக்காருங்கோ. பருத்த முனை அலைமேல ஏறும், முட்டிண்டு போகலாம். அக்ஷரா பின்னால. அந்த முனை சொன்ன நிமிஷம் திரும்பும், எங்கே நிக்கணும்னு அவ பாத்துப்பா."

"வால் முன்னால போறதா? பாக்கறவா சிரிப்பா."

"எது வால்னு ஆத்துக்கிட்ட சொல்லியா வெச்சிருக்கேள்?"

அக்ஷராவின் கை வாரிலேயே நின்றது. பிறகு அதை மறுபடியும் இறுக்கினாள்.

6

எழுதிப் பார்த்துக் கைவிட்ட முடிவுகள்:

(அ) திருப்பிய படகும் கவிழ்கிறது. துடுப்பு பீரோ மேல் போய்ச் சேர்கிறது. எழுதிவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

(ஆ) மூவரும் சாலையோரக் கடையில் சூடான மோமோ தின்றுகொண்டு சிரிக்கிறார்கள். இது ஏதோ காப்பீட்டு விளம்பரம்.

(இ) ஷியாமளாவும் படகில் ஏறி— இல்லை. தள்ளமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

7

ஆகவே எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

வால் முன்னால் வர, படகு புறப்பட்டது. முதல் அலையில் பருத்த முனை மூக்கைத் தூக்கி ஏறி இறங்கியதைப் பார்த்து ஷியாமளா கையைத் தட்டிவிட்டாள். அவள் வரைந்த அதே வளைவு, அதே விரல் தடிமன், ஆனால் இப்படி ஒன்று தன்னிடமிருந்து வந்ததா என்றிருந்தது. கூவல் கேட்டது. "தாராவ்!" கேட்டது. படகு ஆற்றின் நடுவே நிற்கும் பெரும்பாறைக்கு அந்தப் பக்கம் போயிற்று.

இப்போது ஷியாமளா நிற்கிற இடத்திலிருந்து, ஆறு வந்து மோதும் பாறையின் மேல்பக்கம் தெரிகிறது, கீழ்ப்பக்கம் மட்டும் தெரியவில்லை. கீழே ஆறு நேராக நெடுந்தூரம் ஓடுவதும் தெரிகிறது. படகு கவிழ்ந்திருந்தால் துடுப்போ தலைக்கவசமோ அங்கே மிதந்து வரவேண்டும். மகள் பேச்சைக் கேட்காமல் ரங்கராஜன் ஓட்டியிருந்தால், படகே அங்கே பாய்ந்து வரவேண்டும். ஒரு துரும்பு வரவில்லை. கூவலும் இல்லை, கத்தலும் இல்லை. வெயிலில் நுரைத்துக்கொண்டு ஆறு மட்டும் போகிறது.

வெறும் ஆற்றை இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க முடியும் என்று எனக்கும் தெரியாது. இன்னும் ஒரு வரி நகர்த்தினால் ஏதாவது ஒன்று கீழே வந்துவிடும், அதனால் நான் நகர்த்தப்போவதில்லை. நீங்கள் வந்து அவள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். கூழாங்கல் வழுக்கும், பார்த்து. எதுவும் மிதந்து வராதவரைக்கும், அந்தப் பாறைக்குப் பின்னால் அப்பாவும் பெண்ணும் ஒரே படகில் இருக்கிறார்கள்.